‘எந்த ஏரியா தம்பி?’ - திண்டுக்கல் பெட் ஷாப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி. திண்டுக்கல் கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்கு ஷட்டர் இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் இந்த ஊரில் இரண்டு இடங்களில் கூட்டம் நிற்கும். ஒன்று, பிரியாணிக் கடை. அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று, பெட் ஷாப்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி இருந்தாலே பெரிய கடை. ஒரு சுவர் முழுக்க மீன் தொட்டிகள், எதிர்ச்சுவரில் பறவைக் கூண்டுகள், நடுவில் நாய்த் தீவன மூட்டை, வாசலில் முயல் கூண்டு. கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்த ஸ்டூல் காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவருகிறான்.

“அண்ணே, மீனெல்லாம் மேல மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுதுண்ணே. ரெண்டு செத்துப்போச்சு.”

கடைக்காரர் மீனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. “எந்த ஏரியா தம்பி?” என்கிறார்.

“ஆர்.எம்.காலனிண்ணே.”

“நேத்து தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சுண்ணே.”

“தொட்டித் தண்ணி மொத்தத்தையும் மாத்திட்டியா?”

பையனுக்கு ஆச்சர்யம். “உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

திண்டுக்கல்லில் மீன் வளர்ப்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது மீனைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரையும் காவிரிக் கூட்டுக்குடிநீரையும் நம்பியிருக்கும் ஊர் இது. குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளில் குடம், டிரம், சின்டெக்ஸ் எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொள்வார்கள். அன்றுதான் வீட்டில் தாராளமாகத் தண்ணீர் இருக்கும். மீன் தொட்டியைக் கழுவுவதும் அன்றுதான். மீன் சாவதும் அன்றுதான்.

காரணம் எளிது. புதிதாக வந்த தண்ணீரில் கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை அரித்துவிடும். மூச்சுவிட முடியாமல் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அதே தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் ‘ஆன்ட்டி குளோரின்’ சொட்டு மருந்து இருக்கிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கிற நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் அடியில் கிடக்கும் கூழாங்கல்லிலும்தான் குடியிருக்கும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பஞ்சைக் குழாயடியில் பிழிந்து கழுவினால், அந்தக் குடித்தனமே காலி. தொட்டி கண்ணாடி போலத் தெரியும், இரண்டு நாளில் மீன் மிதக்கும். வாரத்துக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்ற வேண்டும். பஞ்சை, தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலச வேண்டும். மீன் வளர்ப்பில் பாதிப் பாடம் இவ்வளவுதான்.

போர் தண்ணீர் என்றால் வேறு கதை. குளோரின் பயம் இல்லை. ஆனால், உப்பும் சுண்ணாம்பும் அதிகம். கப்பி, மோலி போன்றவை அந்தக் கடினத் தண்ணீரிலும் குட்டி போட்டுப் பெருகும். டெட்ரா, டிஸ்கஸ் போன்ற மென்தண்ணீர் மீன்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் விவரம் தெரிந்த கடைக்காரர் முதலில் ஏரியாவைக் கேட்கிறார். இந்தக் கேள்வியை ஆன்லைன் கடை கேட்காது.

திண்டுக்கல்காரர்களுக்குப் பிராணி வளர்ப்பு புதிதல்ல. திருச்சி நெடுஞ்சாலையில் அய்யலூர் இருக்கிறது. அங்கே வியாழக்கிழமை கூடும் சந்தைக்கு விடியும் முன்பே ஆடும் நாட்டுக்கோழியும் சேவலும் வந்து இறங்கிவிடும். கிளிமூக்கு, விசிறிவால் சேவல் வளர்ப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். திண்டுக்கல்லில் இந்தச் சேவல்களுக்கு அழகுக் கண்காட்சியே நடந்திருக்கிறது. சண்டையெல்லாம் கிடையாது. மூக்கின் வளைவு, வாலின் விரிவு, உயரம், நிறம் பார்த்துப் பரிசு. சேவலைக் குளிப்பாட்டி, துண்டால் துடைத்து, கைக்குழந்தை மாதிரி தூக்கிவருவார்கள். மொட்டை மாடிகளில் புறாக் கூண்டுகள் இப்போதும் உண்டு.

ஆனால், தோட்டத்து நாய்க்குக் காவல் வேலை இருந்தது, கோழிக்கு முட்டை போடும் வேலை இருந்தது. வேலையே இல்லாத பிராணி வீட்டுக்குள் வந்ததுதான் புதிது. சோபாவில் தூங்கும் நாய், ஹாலில் பேசும் பறவை, படிப்பு மேசையில் ஃபைட்டர் மீன். அதற்கென்று தனித் தீவனம், தனி ஷாம்பு, தனி மருந்து. இதையெல்லாம் வாங்க முன்பு மதுரைக்குப் போனார்கள். இப்போது உள்ளூரிலேயே கிடைக்கிறது.

வாங்க வருபவர்களைக் கவனித்தால் ஊரின் இன்னொரு மாற்றமும் தெரியும். கடையில் லவ் பேர்ட்ஸ் ஜோடி கேட்டு வருபவர்களில் அறுபதைத் தாண்டியவர்கள் கணிசம். பிள்ளைகள் சென்னையிலோ, கோவையிலோ, வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். “வீட்ல ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும்னுதான் தம்பி” என்று சொல்லிவிட்டு, தினை அரைக் கிலோ வாங்கிக்கொண்டு போகிறார் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். (நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். உண்மையான லவ் பேர்ட்ஸுக்கு இங்கே ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்று பெயர். இதைத் திருத்தப் போனால் வியாபாரம் நடக்காது என்கிறார் கடைக்காரர்.)

அந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் யார் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர், லாரி ஓட்டுபவர், தனியார் மருத்துவமனை நர்ஸ், கல்லூரி மாணவர். மற்றபடி ஒரே வரிசையில் நின்று பேசிக்கொள்ள வாய்ப்பே இல்லாத இவர்கள், “உங்க நாய்க்கு உண்ணி போச்சாண்ணே?” என்று ஆரம்பித்தால் அரை மணி நேரம் பேசுகிறார்கள். யார் எந்தத் தெரு, என்ன சமூகம் என்பதற்கு முன்னால், ‘லேப் வச்சிருக்காரே, அந்த அண்ணன்’, ‘பெர்ஷியன் கேட் அக்கா’ என்றுதான் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்கிறார்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தாள்களைப் படித்தாலே போதும். ‘மூன்று பூனைக்குட்டிகள், இலவசம், வீட்டுக்குள் வளர்ப்பவர்களுக்கு மட்டும்.’ ‘வெளியூர் போகிறோம், பத்து நாள் கிளிக்கூண்டைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை.’ தீபாவளி முடிந்த வாரம் அந்தக் கண்ணாடியில் இடமே இருக்காது. வெடிச்சத்தத்தில் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய நாய்களின் போட்டோக்கள். அவற்றில் பல திரும்பக் கிடைத்துவிடுகின்றன. ஸ்டூலில் உட்காரும் லாரிக்காரர் எங்காவது பார்த்திருப்பார்.

திங்கட்கிழமை வியாபாரம் தனி. ஞாயிறு பிரியாணி எலும்பின் விளைவு அன்றுதான் தெரியவரும். “கறி நமக்கு, எலும்பு நாய்க்கு” என்பது இங்கே எழுதப்படாத பங்கீடு. ஆனால், வெந்த எலும்பு பச்சை எலும்பு மாதிரி அல்ல. கடித்தால் ஊசி ஊசியாகச் சிலும்பும். தொண்டையிலும் குடலிலும் குத்தும். பிரியாணியில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. இன்னொரு ஆபத்து, சிறுமலை அடிவாரத்திலிருந்தும் கொடைரோடு பக்கமிருந்தும் வரும் திராட்சை. பிள்ளைகள் ஆசையாக நாய்க்கு நான்கு பழம் போடுவார்கள். சில நாய்களுக்கு அந்தக் கொஞ்சமே சிறுநீரகத்தைச் செயலிழக்கவைக்கும். எந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளும், எதற்கு ஒத்துக்கொள்ளாது என்று முன்கூட்டியே சொல்ல முடியாது என்பதால், கொடுக்காமல் இருப்பதே வழி.

பூனைக்காரர்கள் செய்யும் தவறு வேறு. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறதே என்று பூனைக்கும் தடவிவிடுவார்கள். நாய்களுக்கான பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். நாய் தாங்கும், பூனை தாங்காது. வலிப்பு வந்து இறந்துவிடக் கூடும். ‘பூனைக்குத் தடவாதீர்கள்’ என்று மார்க்கர் பேனாவால் பாட்டிலில் எழுதிக் கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதனால் இரண்டாவது பாட்டிலும் விற்கும் என்று கிண்டல் செய்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

இந்தக் கடைகளின் உண்மையான சோதனை நாய்க்குட்டியில்தான்.

சில மாதங்களுக்கு முன் இதே கடைக்கு ஒரு பெண்மணி தன் மகளோடு வந்தார். மகளுக்கு எட்டு வயது இருக்கும். பள்ளித் துப்பட்டாவைச் சுருட்டி அதற்குள் ஒரு லேப் குட்டியை வைத்திருந்தார்கள். போனில் விளம்பரம் பார்த்து, வெளியூரில் ஒருவரிடம் வாங்கியது. “ராத்திரியிலிருந்து எதுவுமே சாப்பிடலண்ணே. ரெண்டு தடவ வாந்தி. ஏதாவது சிரப் குடுங்க.”

“எத்தனை நாள் குட்டிக்கா?”

“முப்பது நாள்னு சொன்னாங்க.”

“ஊசி போட்டுருக்கா?”

“குட்டிதானே, இன்னும் போடல.”

கடைக்காரர் அலமாரியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. “அக்கா, என்கிட்ட இதுக்கு மருந்து இல்ல. இருந்தாலும் தர மாட்டேன். இப்பவே டாக்டர்கிட்ட போங்க” என்று சொல்லி, டாக்டருக்கு அவரே போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது முறைதான் எடுத்தார்கள்.

அது பார்வோ வைரஸ். வாந்தியில் தொடங்கி ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் முடியும். வைரஸுக்கு நேரடி மருந்து கிடையாது. டிரிப்ஸ் ஏற்றி, நீர்ச்சத்தைக் காப்பாற்றி, குட்டியின் உடம்பு போராட நேரம் வாங்கித் தருவதுதான் சிகிச்சை. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசியைப் போட்டு, பதினாறு வாரம் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் பூஸ்டர்களை முடித்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-ல் வந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் சொல்கின்றன. அது வெறும் சம்பிரதாயம் அல்ல. அந்த எட்டு வாரத்தில்தான் குட்டி தாய்ப்பால் மறக்கிறது, கூடப் பிறந்தவற்றோடு விளையாடி எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்று கற்றுக்கொள்கிறது. ஆனால், முப்பது நாள் குட்டி உள்ளங்கையில் அடங்கும். பார்த்தவுடன் ஆசை வரும். விற்பவருக்கு இன்னும் நான்கு வாரத் தீவனச் செலவு மிச்சம்.

மூன்றாம் நாள் அந்தக் குட்டி இறந்துபோனது.

அடுத்த ஞாயிறு அம்மாவும் மகளும் மறுபடியும் வந்தார்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, ராத்திரி அழுகிறாள், உடனே வேறு குட்டி வேண்டும். பணம் கையிலேயே இருந்தது. “மண் தரை இருக்காக்கா வீட்ல?” என்று கேட்டார் கடைக்காரர். இருந்தது. குட்டி அந்த வாசலில்தான் கட்டிக் கிடந்தது.

“அப்ப இப்போதைக்கு வேணாம்.”

பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள், சில சூழலில் ஒரு வருடம் வரைகூட உயிரோடு கிடக்கும். சிமென்ட் தரையென்றால் பிளீச்சிங் கரைசல் ஊற்றிக் கழுவலாம், மண்ணில் அது அவ்வளவாக வேலை செய்யாது. அடுத்த குட்டியும் அதே வாசலில் அதே வைரஸை முகரும். தடுப்பூசி முழுதாகப் போட்ட வளர்ந்த நாய் என்றால் பரவாயில்லை. ஆனால், அந்தப் பிள்ளைக்குக் குட்டிதான் வேண்டும். பத்து நிமிடம் பேச்சு நடந்தது. அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வந்தது. ‘விற்கத்தானே கடை வைத்திருக்கிறீர்கள்?’ நியாயமான கேள்விதான். மாதம் இரண்டு குட்டி விற்றால் வாடகை கட்டிவிடலாம் என்ற நிலையில் ஒரு கடைக்காரர் ‘வேண்டாம்’ என்று சொல்வது சின்ன விஷயமல்ல. பக்கத்துக் கடையில் போய் வாங்கிவிட முடியும் என்பதும் அவருக்குத் தெரியும்.

இங்கே ஒரு பிரச்னையையும் பேச வேண்டும். எல்லாக் கடைகளிலும் இப்படி ‘டாக்டர்கிட்ட போங்க’ என்ற பதில் கிடைப்பதில்லை. கடைக்காரரையே டாக்டராக நினைத்து, நாய்க்கு மனித மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. நாம் சாதாரணமாகப் போடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்துப் பூனையைக் கொன்றவர்கள், பாசத்தில்தான் கொன்றார்கள். அரசு கால்நடை மருத்துவமனையில் ஆடு, மாடுகளோடு வரிசையில் நிற்கத் தயங்கிக் கடைக்கு வருபவர்களும் உண்டு. பெரிய சிகிச்சைக்குப் பக்கத்து மாவட்டமான தேனியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-ல் தொடங்கப்பட்டிருக்கிறது. ஆனால், வாந்தி எடுக்கும் குட்டிக்கு அவ்வளவு தூரம் போக நேரம் இருக்காது. முதல் ஆறு மணி நேரத்தில் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதில்தான் பல உயிர்கள் தொங்குகின்றன.

இதனால்தான் பெட் ஷாப் விதிகள், 2018 முக்கியமாகின்றன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது. எங்கிருந்து வாங்கியது, யாருக்கு விற்றது, எது இறந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும். வாங்குபவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்பது. பூட்டு வாங்கும்போது நான்கு முறை திருப்பிப் பார்க்கிற ஊர் இது.

பச்சைக்கிளி விஷயத்திலும் குழப்பம் அதிகம். “எங்க தாத்தா வளர்த்தாரே” என்பார்கள். வளர்த்திருப்பார். ஆனால், நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படியே. வெளிநாட்டுப் பறவைகளில் பட்ஜெரிகர், காக்டெயில் இரண்டுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. சன் கான்யூர், ஆப்பிரிக்கன் கிரே போன்றவை சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள்.

ஹஸ்கி கேட்டு வருபவர்கள் தனி ரகம். சினிமாவிலும் ரீல்ஸிலும் பார்த்த நீலக்கண் நாய். கொடைக்கானலில் வீடு இருப்பவர் கேட்டாலாவது யோசிக்கலாம். ஏப்ரல், மே வெயிலில் பாறை மாதிரி தகிக்கும் திண்டுக்கல் சமவெளியில், பனிக்காக இரட்டை அடுக்கு ரோமத்தோடு படைக்கப்பட்ட நாயை வைத்து என்ன செய்வது? நாள் முழுக்க ஏ.சி போட முடியாத வீட்டில் அது மூச்சிரைத்தபடி குளியலறைத் தரையில் படுத்துக் கிடக்கும். தமிழ்நாடு அரசின் 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை, ஹஸ்கி, பக், செயின்ட் பெர்னார்ட் உள்ளிட்ட இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றே சொல்லிவிட்டது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என நம் வெயிலில் பிறந்த இனங்கள் நான்கு இருக்கின்றன. ஆனால், அவற்றுக்கு ஓட இடம் வேண்டும். இரண்டாவது மாடி வாடகை வீட்டுக்கு அவையும் சரிவராது. தெருவில் பிறந்த குட்டி ஒன்றுக்குத் தடுப்பூசி போட்டு வளர்ப்பதுதான் பலருக்கும் பொருந்தும். அதில் கடைக்காரருக்குக் குட்டி விற்ற காசு கிடையாது. தீவனமும் பெல்ட்டும் விற்கும்.

தீவன வியாபாரத்தையும் இப்போது ஆன்லைன் தள்ளுபடிகள் கடிக்கத் தொடங்கிவிட்டன. கடையில் சந்தேகம் கேட்டுவிட்டு, வாசலில் நின்றபடியே போனில் ஆர்டர் போடுபவர்கள் உண்டு. கடைக்காரர்கள் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார்கள். மொட்டை மாடியில் தொட்டி வைத்துக் கப்பியும் ஃபைட்டரும் பெருக்கிக் கடைக்குக் கொடுத்து, மாதச் செலவுக்குப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சிலர் இருக்கிறார்கள். கடைகள் குறைந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

மதியம் ஒரு மணி ஆகிறது. காலையில் வந்த ஆர்.எம்.காலனிப் பையன் மறுபடியும் வந்து நிற்கிறான். மூன்று மீன் பிழைத்துவிட்டது. ஆனால், அவசரத்தில் பூனை ஒன்று கையைக் கீறிவிட்டது என்று லேசாகக் காட்டுகிறான். கடைக்காரர் அவனை நேராகக் குழாயடிக்கு அழைத்துப்போய், சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவச் சொல்கிறார். “வீட்ல மறைக்காமச் சொல்லு. இன்னிக்கே ஜி.ஹெச் போயி ஊசி போட்டுக்க. குட்டிப் பூனைதானேன்னு விட்றாத.” தண்ணீர் வராத நாளில் கால் மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டதற்குப் பக்கத்துக் கடைக்காரர் முறைக்கிறார்.

முயல் கூண்டுக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து, கேரட்டைக் கம்பி இடுக்கில் நீட்டிக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுதோறும் அவள் அம்மா காய்கறி வாங்கி முடிக்கும்வரை இங்கேதான் இருப்பாள். கடைக்காரரின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கத்தில் அவள் பெயரும், அடுத்த வருடத்தில் ஒரு மாதமும் எழுதியிருக்கிறது. கிளம்பும்போது அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்கிறாள்.

“இன்னும் எத்தனை மாசம் மாமா?”

“ஏழு.”

“போன வாரமும் ஏழுன்னுதான சொன்னீங்க?”

“வாரந்தான பாப்பா போயிருக்கு” என்று நோட்டை மூடுகிறார். அவள் அம்மா கூடையோடு வாசலில் நிற்கிறார்.